நல்ல மனுசன் எண்டாப் போதாது

நான் எழும்பி நடக்கத் தொடங்கியதும், எங்கள் பங்கின் செபக்குழுவினர் வீட்டுக்கு வந்து, கோயிலில் ஒருநாள் சாட்சி சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். செத்துப்போக இருந்தவனை யேசு எழுப்பினார் என்று நானே என் வாயால் சொன்னால் பலருடைய விசுவாசம் உறுதிப்படும் என்றார்கள். நான் மறுத்துவிட்டேன். விசுவாசம் இல்லாததால் அல்ல. அவர்கள் கேட்ட கதையும் எனக்கு நடந்ததும் ஒன்றல்ல. மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்ல வராததை இங்கே எழுதிப் பார்க்கிறேன். விரல்கள் இன்னும் முழுதாகச் சொல்வழி கேட்பதில்லை. மெல்ல மெல்லத்தான் எழுதுகிறேன். இதே நோய் வருத்தம் வந்து பேச்சில்லாமல் படுத்திருக்கும் யாருக்காவது, அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் யாருக்காவது இது உதவினால் நல்லது.

என் பெயர் யூட். குருநகர் ஆள். அப்பாவும் அண்ணையும் கடலுக்குப் போனார்கள். எனக்குக் கடல் ஒத்துவரவில்லை, படகில் ஏறினால் சத்தி எடுப்பேன். அதனால் ஐஸ் பக்டரியில் மெசின் பார்க்கிறேன். மனைவி மலருக்குப் புத்தூர். தோட்டம் செய்கிற சைவக் குடும்பம். என்னைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்தவள். எடுத்த புதிதில் அவள் என்னைக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: உங்கள் யேசு கடவுளா, மனிதரா? இரண்டும்தான் என்றேன். அது எப்படி என்று கேட்டாள். பாதரைக் கேள் என்று சொல்லிவிட்டேன். சின்ன வயதில் வாய்ப்பாடு பாடமாக்கியது போல அதையும் பாடமாக்கி வைத்திருந்தேன். சரியென்று தெரியும். ஆனால் அது எனக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

வருத்தம் ஒரு சாதாரண வயிற்றோட்டத்தில் தொடங்கியது. சில நாளில் அது நின்றுவிட, நானும் மறந்துவிட்டேன். பிறகு வேலையில் நிற்கும்போது பாதங்கள் விறைத்தன. ஐஸ் பக்டரியில் கால் விறைப்பது புதினமில்லையே என்று பேசாமல் இருந்தேன். வீட்டுக்கு வந்து சுடுதண்ணீரில் காலை வைத்தும் விறைப்புப் போகவில்லை. செருப்பு காலில் நிற்காமல் கழன்று விழுந்தது. செருப்புப் பழசு என்று மலர் புதிது வாங்கி வந்தாள். அதுவும் விழுந்தது.

அந்த ஞாயிறு பூசையில் முழந்தாளில் இருந்த என்னால் எழும்ப முடியவில்லை. எல்லோரும் எழுந்து நிற்க நான் மட்டும் வாங்குப் பலகையைப் பிடித்தபடி கிடந்தேன். பக்கத்தில் நின்ற அண்ணை அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கினார். என்னைத் தன்மேல் சாய்த்தபடியே ஓட்டோவில் ஏற்றி நேரே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அண்ணையைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். சேவியர் அண்ணை எனக்கு நேர் மூத்தவர். அவருக்கு ஒரே மகன், நிரோசன். சில வருடங்களுக்கு முன் நிரோசனும் இன்னொரு பெடியனும் தொழிலுக்குப் போன இடத்தில் எஞ்சின் நின்று, காற்றில் படகு கவிழ்ந்தது. மற்றப் பெடியன் எண்ணெய்க் கானைப் பிடித்து மிதந்து தப்பினான். நிரோசன் வரவில்லை. தேடப்போன படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வர, அண்ணையும் நானும் ஊர்ச்சனமும் கரையில் நின்றோம். கடைசியில் உடல் வேறொரு ஊர்க் கரையில் ஒதுங்கியது. அதற்குப் பிறகு அண்ணை கடலுக்குப் போகவில்லை. தன் மனைவிக்காக, என் மச்சாளுக்காக, பூசைக்கு மட்டும் வருவார். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது, யேசுவைக் கடவுள் என்று அறிக்கையிடுகிற இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வார். ஒருமுறை நான் காரணம் கேட்டேன். யேசு நல்ல மனுசன், அவரைப் போல ஒரு நல்ல மனுசன் பிறக்கவில்லை, ஆனால் அதற்கு மேலே தன்னால் சொல்ல ஏலாது என்றார். பிள்ளையைப் பறிகொடுத்தவரோடு வாதாடுவது சரியில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்தவர் ஓர் இளம் பெண் டொக்டர். சின்ன ரப்பர்ச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் துள்ளவேண்டும். துள்ளவில்லை. மற்றக் காலிலும் தட்டினார். பிறகு தட்டுவதை நிறுத்தி, கடைசியாக எப்போது வயிற்றோட்டம் வந்தது என்று கேட்டார். கால் ஏலாதவனிடம் வயிற்றைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

அதை அவரே பிறகு விளங்கப்படுத்தினார். வருத்தத்தின் பெயர் கிலன் பாரே. கிருமி ஒன்று உடம்புக்குள் வரும்போது அதை அடித்துத் துரத்த உடம்பு ஒரு படையை உண்டாக்கும். சிலரில் அந்தப் படை கிருமியை முடித்த பிறகும் நிற்காமல், ஆள் மாறி, சொந்த நரம்புகளையே அடிக்கத் தொடங்கும். கரண்ட் வயருக்கு மேலே ரப்பர் உறை இருப்பது போல நரம்புக்கும் ஓர் உறை உண்டு. அந்த உறை அரிபட்டுப் போனால் மூளை சொல்வது கைகாலுக்குப் போய்ச் சேராது. காலில் தொடங்கி மேலே ஏறும். முள்ளந்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தார்கள். கைகாலில் வயர் ஒட்டி, சின்னச் சின்னதாகக் கரண்ட் கொடுத்து, நரம்பு எவ்வளவு வேகமாகச் செய்தி கடத்துகிறது என்று பார்த்தார்கள். எல்லாம் டொக்டர் நினைத்தது போலவே வந்தது. பெரும்பாலும் இது மாறிவிடும் என்றார். எப்போது மாறும், அதற்கு முன் எதுவரை ஏறும் என்று மலர் கேட்டாள். அதைச் சொல்ல முடியாது என்றார்.

ஆஸ்பத்திரி விடுதியில் இருந்தபோது, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடியும் என்று வந்து வந்து பார்ப்பார்கள். நெஞ்சுத் தசை எவ்வளவு களைத்திருக்கிறது என்று அறிய அது ஒரு சுலபமான வழி. ஒவ்வொரு முறையும் நான் முன்னர் நின்றதற்குக் குறைந்த இடத்தில் நின்றேன். எண்ணிக்கை குறையக் குறைய மலரின் முகம் மாறுவதைப் பார்க்க ஏலாமல் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினேன். கடைசியில், தொண்டைக்குள் குழாய் வைத்து மெசின் மூலம் மூச்சுக் கொடுக்கப் போகிறோம் என்றார்கள். அதற்கு முன் ஏதாவது சொல்வதென்றால் சொல்லுங்கோ என்றார் டொக்டர். மலர் என் முகத்துக்குக் கிட்டக் குனிந்தாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. வீட்டுத் தண்ணீர் மோட்டரை நிற்பாட்டினியா என்றுதான் கேட்டேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த நாட்களை எப்படிச் சொல்வது? அறிவு தெளிவாக இருந்தது. காது கேட்டது. நோவும் அரிப்பும் எல்லாம் தெரிந்தன. ஆனால் கழுத்துக்குக் கீழே என் சொல்லைக் கேட்க ஒன்றுமில்லை. முகமும் அசையாமல் போய்விட்டது, மலரைப் பார்த்துச் சிரிக்கக்கூட ஏலவில்லை. கண்ணிமை மட்டும் மிஞ்சியது. ஒருமுறை மூக்கு நுனியில் ஒரு நுளம்பு இருந்து, ஆறுதலாக இரத்தம் குடித்துவிட்டு எழும்பியது. அதைத் துரத்தும்படி யாரிடமும் சொல்ல முடியவில்லை. சளி கட்டினால் மூச்சு அடைக்கும். நேர்ஸ் தானாகக் கண்டு, குழாய்க்குள் இன்னொரு மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சி எடுக்கும் வரை அப்படியே கிடக்கவேண்டும். பிறகு தொண்டையில் துளைபோட்டுக் குழாயை அங்கே மாற்றினார்கள். இரத்தத்தை வெளியே எடுத்து, அதில் நரம்பை அடிக்கிற சாமான் கலந்திருக்கிற மஞ்சள் நீரை மாற்றி, திரும்ப உடம்புக்குள் விடுகிற வைத்தியமும் நடந்தது. நேர்ஸ்மார் என்னைப் பக்கம் மாற்றிப் படுக்கவைத்தார்கள், துடைத்தார்கள், கழுவினார்கள். கைக்குழந்தைக்குச் செய்வது எல்லாம் எனக்குச் செய்தார்கள். அதில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்குச் செத்தால் நல்லது என்று இருந்தது.

செபிக்க முயன்றேன். சின்ன வயது முதல் வாயில் இருந்த செபங்கள் பாதியில் அறுந்து போயின. மெசின் மூச்சைத் தள்ளும் தாளத்துக்குள் சொற்கள் நிற்கவில்லை. எங்கள் பாதர் வந்து நோயில்பூசுதல் கொடுத்தார். நெற்றியில் எண்ணெய் பட்டது தெரிந்தது. அதற்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. வெளியே குருநகரில் எனக்காகப் பூசை வைத்தார்கள். மலரின் வீட்டார் புத்தூரில் அம்மனுக்கு நேர்ந்தார்கள். மலர் இரண்டையும் எனக்கு வந்து சொல்வாள். எல்லோரும் எவ்வளவு நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டே நான் பயத்தில் செத்துக்கொண்டிருந்தேன்.

பார்வையாளர் நேரத்தில் ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள். மதியம் மலர் வந்தால் பின்னேரம் அண்ணை வருவார். ஒரு பின்னேரம் அவர் எனக்கு முகம் வழித்துவிட்டுக்கொண்டிருந்தார். துளைபோட்ட தொண்டைக்குக் கிட்டப் போகாமல், மிகக் கவனமாக. வழித்து முடித்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டு, என்னோடு கதைக்கத் தொடங்கினார்.

"யூட், நீ உதுக்கை கிடந்து அவரைக் கோவிக்காதை. நானும் கனகாலம் கோவிச்சனான். பிறகுதான் யோசிச்சன், அவர் என்ன செய்யிறது? நல்ல மனுசன். அவரையும் கையும் காலும் ஆட்டேலாமல் ஆணி அடிச்சுத்தானே வைச்சவங்கள். அவராலை தன்னையே காப்பாத்தேலாமல் போச்சு. என்ரை பெடியனை என்னண்டு காப்பாத்துவார், உன்னை என்னண்டு எழுப்புவார்? அப்பிடி நினைச்சா மனம் ஆறும்."

அவர் எனக்கு ஆறுதல் சொல்லத்தான் அதைச் சொன்னார். தனக்குக் கிடைத்த ஒரே ஆறுதலைக் கொண்டுவந்து எனக்கும் தந்தார். ஆனால் அது என்மேல் கல்லைத் தூக்கி வைத்தது போல இருந்தது.

அவர் போன பிறகும் அதுவே மனதில் ஓடியது. என்னைச் சுற்றி நல்ல மனுசருக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணை நல்ல மனுசன். மலர், டொக்டர், நேர்ஸ்மார் எல்லோரும் நல்லவர்கள். ஆனால் எல்லோரும் கட்டிலுக்கு வெளியில் நின்றார்கள். கையைப் பிடித்தார்கள், தலையைத் தடவினார்கள். அதற்குள்ளே, நான் அடைபட்டுக் கிடந்த இடத்துக்குள்ளே, ஒருவராலும் வர ஏலவில்லை. யேசுவும் இன்னொரு நல்ல மனுசன் என்றால் அவரும் வெளியில்தான். எப்போதோ எங்கேயோ ஒருவர் என்னைப் போலவே அசையாமல் கிடந்து செத்தார் என்றால், பாவம் என்று இரக்கப்படலாம். அதில் எனக்கு என்ன? ஆனால் அங்கே ஆணியில் கிடந்தது கடவுள் என்றால், கை கால் அசைக்க முடியாமல் கிடப்பது என்னவென்று கடவுளுக்கே தெரியும். உள்ளே வர அவரால் முடியும். வாய்ப்பாடு போல நான் பாடமாக்கி வைத்திருந்த அந்த ஒன்று இல்லாவிட்டால், நான் இதற்குள் தனிய.

அப்படி நினைத்ததும் பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. ஒளியும் தெரியவில்லை, குரலும் கேட்கவில்லை. "நீர் கடவுள் எண்டா இஞ்சை இரும்" என்று மட்டும் மனதுக்குள் சொன்னேன். அது அறுந்து போகாமல் நின்றது. மெசினின் ஒவ்வொரு மூச்சுக்கும் அதைச் சொன்னேன்.

அண்ணைக்கு இதைச் சொல்லவேண்டும் போல இருந்தது. என்ன வழியில் சொல்வது? ஒருதரம் கண் மூடித் திறந்தால் ஓம், இரண்டு தரம் என்றால் இல்லை. அதுதான் மலருக்கும் எனக்கும் இருந்த பாஷை. என் கண்ணைப் பார்த்தே எனக்கு ஏதோ சொல்ல இருக்கிறது என்று பிடித்துவிட்டாள். நோகிறதா, எங்கள் பிள்ளைகளைப் பற்றியா, வேலையைப் பற்றியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இல்லை, இல்லை. யேசுவைப் பற்றியா? ஓம். பாதரைக் கூப்பிடவா? இல்லை. அண்ணையிடம் சொல்லவேண்டுமா? ஓம். அண்ணையின் எண்ணம் அவளுக்கும் தெரியும். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அவர் கடவுள்தான் எண்டு அண்ணைக்குச் சொல்லட்டோ?"

ஓம்.

"இஞ்சாருங்கோ, இப்பிடிக் கிடந்துகொண்டு உங்களுக்கு அது ஏன் இவ்வளவு முக்கியம்?"

அதற்கு ஓம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அவளைப் பார்த்தபடி கிடந்தேன். அவள் என் நெற்றியைத் தடவிவிட்டுப் போனாள்.

மலர் சொல்லியிருக்கிறாள். அடுத்த பின்னேரம் அண்ணை வரவில்லை. அதற்கு அடுத்த பின்னேரமும் வரவில்லை. பிள்ளையை இழந்த மனுசனுக்கு நான் புத்தி சொல்லப் போனேனே என்று கிடந்து துடித்தேன். அப்படி இல்லை, நான் நினைத்தது வேறு என்று விளக்கவும் வழியில்லை. பாதியாகப் போய்ச் சேர்ந்த ஒரு சொல்லைத் திருப்பி எடுக்கவும் முடியவில்லை, முழுதாக்கவும் முடியவில்லை.

பிறகு வந்தார். கதிரையை இழுத்துக் கட்டிலுக்குக் கிட்டப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கதைத்தார்.

"நீ சொன்னதை மலர் சொன்னவ. தம்பி, நல்ல மனுசன் எண்டா நான் அவரை மன்னிக்கலாம். ஏலாமல் போட்டுது எண்டு விடலாம். கடவுள் எண்டா நான் என்னண்டு மன்னிக்கிறது? அவருக்கு ஏலுமாயிருந்தும் என்ரை நிரோசனை விட்டவர் எண்டெல்லோ வரும்? உதுக்கு நீ மறுமொழி சொல்லு."

மறுமொழி சொல்லென்று சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு அழுதார். மகனின் செத்தவீட்டில்கூட அவர் அப்படி அழுது நான் காணவில்லை. கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தார். கை வரவில்லை. என் கண்ணால் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. அதைக் கண்டதும் தன் அழுகையை நிறுத்தி, கட்டியிருந்த சாரத்தின் தலைப்பால் என் காதைத் துடைத்துவிட்டார்.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் தோட்டத்தில் புடையன் பாம்பு கடித்து வந்தவர். சிறுநீரகம் பழுதாகிவிட்டது. அவருடைய மனைவியும் மலரும் வெளியே ஒரே வாங்கில் இருந்து, ஒரே பிளாஸ்கில் தேத்தண்ணி குடித்துச் சிநேகிதமாகிவிட்டார்கள். அந்த மனுசி எனக்காகவும் பிள்ளையாரைக் கும்பிட்டாளாம். என் இடது தோள் முதன்முதல் ஒரு துளி அசைந்த அன்று, டொக்டர்மார் வந்து பார்த்துச் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்துக் கட்டில்காரர் செத்துப்போனார். திரையை இழுத்துவிட்டார்கள். திரைக்கு அந்தப் பக்கம் அந்த மனுசி அழுத சத்தம் எனக்குக் கேட்டது. செபக்குழுவுக்கு என்னால் சாட்சி சொல்ல முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். நான் எழும்பியது யேசு கடவுள் என்பதற்கு அத்தாட்சி என்றால், அந்த மனுசிக்கு நான் என்ன சொல்வது? நான் எழும்பாமலே போயிருந்தாலும் அவர் கடவுளாக இருந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் எனக்கு அவரால் பிரயோசனமில்லை.

சுகம் வந்தது மிக மெதுவாக. ஏறியது போலவே இறங்கியது. தோள், கை, நெஞ்சு, கடைசியாகக் கால். மெசினைக் கொஞ்சநேரம் நிற்பாட்டுவார்கள், மூச்சு முட்டத் திரும்பப் போடுவார்கள். ஒருநாள் போடாமல் விட்டார்கள். தொண்டைக் குழாயை எடுத்து, சாதாரண விடுதிக்கு மாற்றிய பிறகு, துளையை விரலால் பொத்தினால் காற்றுக் கலந்த ஒரு குரல் வந்தது. அது என் குரல் மாதிரியே இல்லை. பின்னேரம் அண்ணை வந்து கட்டிலில் இருந்தார். எனக்குக் கை அவ்வளவு உயராது. துளையை அவரே பொத்திப் பிடித்தார்.

"அண்ணை, நீங்கள் கேட்டதுக்கு எனக்கும் மறுமொழி தெரியாது," என்றேன்.

அவர் தலையாட்டினார். மூச்சு எடுத்துக்கொண்டு திரும்பச் சொன்னேன். கட்டிலில் கிடந்தபோது நல்ல மனுசர் எல்லோரும் வெளியில் நின்றார்கள், நீங்களும் நின்றீர்கள், ஒருவராலும் உள்ளே வர ஏலவில்லை, அவரும் நல்ல மனுசன் மட்டும் என்றால் நான் அதற்குள் தனியத்தான் கிடந்திருப்பேன் என்று விட்டு விட்டுச் சொன்னேன்.

அண்ணை விரலை மட்டும் எடுக்காமல் வைத்திருந்தார்.

"அப்ப அவனோடை?" என்று கேட்டார். "தண்ணிக்கை அவனோடையும் நிண்டவரோ?"

"கடவுள் எண்டாத்தான் அண்ணை. நல்ல மனுசன் எண்டா, எங்களோடை கரையிலைதான் நிண்டிருப்பார்."

அவர் விரலை எடுத்துவிட்டார். அதற்கு மேலே எனக்குக் குரல் இல்லை.

இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறேன். பக்டரி முதலாளி இருந்து செய்கிற வேலை ஒன்று தந்திருக்கிறார். பாதங்கள் இன்னும் பாதி மரத்துத்தான் இருக்கின்றன. அது அப்படியே இருந்துவிடவும் கூடும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். பின்னேரங்களில் அண்ணை வந்து என்னை மெல்ல நடக்கக் கூட்டிக்கொண்டு போவார். ஆஸ்பத்திரியில் கதைத்ததைப் பற்றி இருவரும் அதன்பிறகு கதைக்கவில்லை. அவர் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கட்டிலில் கிடந்தபோது என் விரல் எப்படி என் வசத்தில் இல்லையோ, அப்படித்தான் இதுவும்.

போன கிழமை நடந்துகொண்டிருந்தபோது, அண்ணை திடீரென்று நின்றார்.

"அவன் கூப்பிட்டிருப்பான் என்ன?" என்றார்.

நிரோசனைத்தான் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது. ஓம் அண்ணை, கூப்பிட்டிருப்பான் என்றேன்.

"கேட்டிருக்கும்," என்றார்.

யாருக்குக் கேட்டிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.